ஏழு வருடமாக ஆர் மொழியின் ‘சர்வே’ பேக்கேஜோடு

ஆர் என்பது புள்ளியியலுக்கான கணினி மொழி. மாதிரிக் கணக்கெடுப்பு டேட்டாவை அலச, தாமஸ் லம்லி அதில் எழுதிய இந்த பேக்கேஜ் இலவசம். ஏழு வருடமாக என் பிழைப்பே இதில்தான் ஓடுகிறது. பெரும்பாலும் தேசிய குடும்ப நல ஆய்வின் டேட்டாவை வைத்து.

அதற்கு முன்பு எக்செல்தான். ஆவரேஜ் போடு, அறிக்கையில் ஒட்டு. அந்த ஆய்வின் நான்காம் சுற்றில் (2015-16) 6,01,509 வீடுகள். இத்தனை பேரைக் கேட்ட பிறகு கணக்கு எப்படித் தப்பும் என்று நினைத்தேன். ஆனால் ஒரு கிராமத்தையோ நகரத்துக் கணக்கெடுப்புப் பகுதியையோ பொறுக்கி, அதற்குள் 22 வீடுகளை எடுக்கிறார்கள். ஒரே ஊர்க்காரர்களுக்கு ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே ஆரம்ப சுகாதார நிலையம். 22 பதில் வந்தாலும் பாதி ஒரே பதில்தான். எக்செலுக்கு அது தெரியாது. பிழை வரம்பை, அதாவது கணக்கு எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்பதை, சுருக்கிக் காட்டிவிடும்.

சர்வே பேக்கேஜில் கொத்து எது (பொறுக்கிய அந்த ஊர் அல்லது பகுதி), அடுக்கு எது (பொறுக்குவதற்கு முன்பே பிரித்து வைத்த பிரிவு), வெயிட் எது (ஒருவரின் பதில் எத்தனை பேருக்குச் சமம் என்ற எடை) என்று முதலில் சொல்லியாக வேண்டும். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. வி005 என்ற வெயிட்டைப் பத்து லட்சத்தால் வகுக்க மறந்து, தமிழ்நாட்டுப் பெண்களின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கான கோடியில் வந்து நின்றது. சதவீதம் மட்டும் பார்த்திருந்தால் அதுகூடத் தெரிந்திருக்காது.

சத்தமில்லாத தப்புதான் மோசம். குடும்ப வன்முறைக் கேள்விகளை வீட்டுக்கு ஒரு பெண்ணிடம்தான் கேட்பார்கள். அதற்கு வெயிட் தனி, டி005. நான் பழக்கதோஷத்தில் வி005-ஐயே போட்டேன். பேக்கேஜ் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அச்சான அறிக்கையோடு ஒப்பிட்டபோதுதான் மாட்டினேன்.

‘இந்த அடுக்கில் ஒரே ஒரு கொத்து’ என்று முரண்டு பிடிப்பதும் உண்டு. அதற்கும் காரணம் நான்தான்: கணவரை இழந்தவர்களை மட்டும் முதலிலேயே வடிகட்டிவிட்டு வடிவமைப்பை (கொத்து, அடுக்கு, வெயிட் விவரத்தை) கொடுத்தேன். முழு டேட்டாவுக்கும் கொடுத்த பிறகுதான் வடிகட்ட வேண்டும்.

உதவிப் பக்கங்கள் புள்ளியியல் படித்தவர்களுக்கு மட்டுமே புரியும். பெண்கள் கோப்பை அப்படியே திறந்தால் 8 ஜிபி லேப்டாப் மூச்சு முட்டிவிடும். வேண்டிய நெடுவரிசைகளை மட்டும் எடுங்கள்.

அப்புறம், எந்த பேக்கேஜாலும் தீராத ஒன்று. வயதுக்குப் படம் வரைந்தால் 30, 35, 40, 45-இல் கம்பம் கம்பமாக நிற்கும். “முப்பத்தஞ்சு இருக்கும், போட்டுக்கங்க” என்ற அக்காக்கள் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள். ஒற்றை வயதில் இடைநிலை (மீடியன், வரிசையில் நடுவில் வரும் வயது) எடுப்பதை விட்டுவிட்டேன். ஐந்தைந்து வருடமாகக் கட்டித்தான் பார்க்கிறேன்.