கொக்கியில்தான் கோட்டை விட்டார்கள்: 1/48 கர்ட்டிஸ் ஸ்பாரோஹாக் மாடல் கிட்

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் வந்த விமானங்களுக்கு நல்ல கிட் (பாகங்களை ஒட்டிச் செய்யும் மாடல்; இது அசலில் 48இல் ஒரு பங்கு அளவு) கிடைப்பதே அபூர்வம். அதனால் இது கண்ணில் பட்டதும் விலையைக்கூடப் பார்க்காமல் வாங்கிவிட்டேன். தயாரித்தது ஒரு சின்ன கம்பெனி. கொஞ்சம் திட்டப்போவதால் பெயர் வேண்டாம்.

1930இல் அமெரிக்கக் கடற்படை, விமானம் தாங்கிக் கப்பல்களுக்கென்று ஒரு குட்டிப் போர் விமானம் கேட்டது. கர்ட்டிஸ் கம்பெனி செய்துகொடுத்த எக்ஸ்எஃப்9சி-1, அதாவது ஸ்பாரோஹாக்கின் முதல் மாதிரி, அந்த வேலைக்குத் தேறவில்லை. ஆனால் இறக்கை எட்டு மீட்டர்கூட இல்லாததால், ஆக்ரான், மேகான் என்ற, வாயு நிரப்பி வானில் மிதக்கும் ராட்சத ஆகாயக் கப்பல்களின் வயிற்றுக்குள் நுழைந்துவிடும். அப்படித்தான் பிழைத்தது. பறக்கும் கப்பலின் அடியிலிருந்து ஒரு சட்டம் இறங்கும். பைலட் மேல் இறக்கைக்கு மேலிருக்கும் கொக்கியை அதில் மாட்டவேண்டும். பிறகு விமானத்தோடு உள்ளே தூக்கிக்கொள்வார்கள். என்ன தைரியம்!

உடல் பாகங்கள் இடைவெளியில்லாமல் பொருந்துகின்றன. மேல் இறக்கை உடலோடு சேருமிடத்தில் வரும் வளைவும் அச்சு அசல். டெக்கால் தாள்தான் (மாடல்மேல் ஒட்டும் சின்னங்கள்) அற்புதம்: படையில் சேர்ந்த ஆறு ஸ்பாரோஹாக்குகளுக்கும் ஆறு நிறப் பட்டைகள் உண்டு. சர்க்கஸ் ஊஞ்சலில் குண்டு மனிதரும் ஒல்லி மனிதரும் தொங்கும் அந்தப் படைப்பிரிவின் சின்னத்தில் முகங்கள்கூடத் தெரிகின்றன.

கொக்கி? கிணற்று வாளி மாட்டுகிற தடிமன். ஸ்ப்ரூவிலிருந்து (பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) நறுக்கும்போதே தாங்கு கம்பி ஒன்று உடைந்தது. மொத்தத்தையும் தூக்கிப்போட்டு, பித்தளைக் கம்பியை வளைத்து, சொட்டு சூப்பர் குளூ வைத்து நானே செய்துகொண்டேன். இந்த விமானத்தின் உயிரே அந்தக் கொக்கிதான். அதில் போய் கஞ்சத்தனமா?

இன்னொரு குறை. மேகானில் இருந்தபோது சக்கரங்களைக் கழற்றிவிட்டு, கீழே கூடுதல் பெட்ரோல் டேங்க் மாட்டிப் பறந்தார்கள். கிளம்புவதும் திரும்புவதும் கொக்கியில்தான் என்றான பிறகு சக்கரம் எதற்கு? அந்த டேங்க் கிட்டில் இல்லை. 1935 பிப்ரவரியில் மேகான் கலிஃபோர்னியா கடலில் விழுந்தபோது நான்கு ஸ்பாரோஹாக்குகள் கூடவே மூழ்கின. அவற்றில் ஒன்றைச் செய்ய நினைப்பவர்கள் டேங்க்கைத் தனியாகச் செதுக்கவேண்டியதுதான்.

இறக்கைகளை இழுத்துக் கட்டும் இழுகம்பிகளுக்குக் குறிப்புத்தாளில் ஒரு படமும் இல்லை. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் எஞ்சியிருக்கும் ஒரே விமானத்தின் புகைப்படங்களைப் பார்த்துத்தான் கட்டினேன்.

முதல் கிட்டாக இதைத் தொடவேண்டாம். நாலைந்து இரட்டை இறக்கை மாடல்கள் கட்டியவர்கள் தாராளமாக வாங்கலாம், பித்தளைக் கம்பியையும் சேர்த்தே ஆர்டர் போடுங்கள்.