புழுக்கொடியல், எள்ளுருண்டை, குரக்கன்: ஒரு வருசமா சாப்பிட்டுப் பாத்த அனுபவம்

போன வருசம் ஆவணியில சீனி செக் பண்ணினப்ப அளவு விளிம்பில நிக்குது என்டு டொக்டர் சொன்னவர், அதோட ஒபிஸ்ல பின்னேரத் தேத்தண்ணிக்கு றோல்ஸ், பற்றிஸ் சாப்பிடுறதை விட்டிட்டன். அந்தக் காலத்துச் சாப்பாட்டை வச்சு இப்ப புதுசா பக்கெட்ல வாற சாமான்கள் கொழும்பு வெள்ளவத்தை காலி வீதிக் கடையள்ல கனக்க இருக்கு, ஒவ்வொண்டா வாங்கிப் பாத்திட்டன்.

முதல்ல குரக்கன், அதுதான் கேழ்வரகு, பிஸ்கட்லதான் ஏமாந்தன். முன்னால பெரிசா குரக்கன் கதிர் படம், பாட்டன் பூட்டன் காலத்துச் சாப்பாடாம். ரெண்டு மாசம் நம்பிச் சாப்பிட்டன். ஒருநாள் பின்பக்கம் திருப்பிப் பாத்தா முதலாவது கோதுமை மா, அடுத்தது சீனி, குரக்கன் நாலாவதா கிடக்கு. எது கூட இருக்கோ அதைத்தான் முதல்ல எழுதுவினம், அதால முதல் மூண்டு பேரை வாசிச்சாலே காணும். மற்றது பக்கெட்ல சீனி, உப்பு, கொழுப்பு எவ்வளவு என்டு காட்டப் போடுற கலர் வட்டம், 100 கிராமுக்கு 22 கிராமுக்கு மேல சீனி என்டா சிவப்பு, 8க்குக் கீழ என்டா பச்சை.

ஆனா கலரை மட்டும் நம்பவும் ஏலாது. நல்ல எள்ளுருண்டைக்கு கொழுப்பில சிவப்புத்தான் வரும், ஏனெண்டா எள்ளில பாதிக்குப் பாதி எண்ணெய்தானே. அது எள்ளின்ர சொந்த எண்ணெய், அதுக்காக நான் விடேல்ல. வெறும் எள்ளும் பனங்கட்டியும் போட்டு இடிச்சதா பாத்து எடுத்து, ஒரு நாளைக்கு ஒண்டு, அவ்வளவுதான். பனங்கட்டியும் இனிப்புத்தானே, சீனி இல்லை என்டு எழுதினவுடன ஆறேழு சாப்பிடக் கூடாது.

தினையும் தேனும் சேத்த பார் ஒண்டு வாங்கினன். வள்ளி தினைப்புனம் காத்த கதை தெரிஞ்ச எங்களுக்கு அந்தப் பேரே ஒரு ஆசை, ஆனா வாயில வச்சா குளுக்கோஸ் பாணியின்ர இனிப்புத்தான், தேன் வாசமே இல்லை. திரும்ப வாங்கேல்ல.

கடைசி வரைக்கும் நிண்டது புழுக்கொடியல்தான். பனங்கிழங்கை அவிச்சு, கிழிச்சு, வெயில்ல காயவிடுறது, வேற ஒண்டும் சேக்கிறேல்ல. இப்ப மெல்லிசா சீவி மிளகு உப்புப் போட்டும் வருது. கடிக்கக் கல்லு மாதிரி இருக்கும், மெதுவா மெல்ல மெல்லத்தான் அந்த மாப்பிடிப்பான இனிப்பு வெளிய வரும், ஒரு தேங்காய்ச் சொட்டோட நாலு துண்டு சாப்பிட்டா இரவுச் சாப்பாடு வரைக்கும் பசிக்காது. நார் கூட, தண்ணி நல்லாக் குடிக்கோணும், முதல் கிழமை குடிக்காம விட்டு வயிறு இறுகிப் போச்சு. கொழும்புக் கடல்காத்துக்கு பக்கெட்டை உடைச்சு வச்சா பூஞ்சணம் பிடிக்கும், எனக்கு அரைக் கிலோ அப்பிடியே போனது, இப்ப இறுக்கமான டின்லதான் போடுறன்.

பனம்பழக் களியைக் காயவச்சு எடுக்கிற பனாட்டுத் துண்டு எனக்கு விருப்பம், ஆனா அந்த லேசான கசப்பு பிள்ளையளுக்குப் பிடிக்கேல்ல.

அம்மாவுக்குப் பல்லு ஏலாது. அவவுக்கு மட்டும் புழுக்கொடியலை கிரைண்டர்ல மாவா அடிச்சு, தேங்காய்ப்பூவும் துளி பனங்கட்டியும் போட்டுப் பிசைஞ்சு குடுக்கிறன், சின்னனில உரல்ல இடிச்சுத் தருவினம், அதே ருசி என்டு சொல்லிக் கிண்ணத்தை வழிச்சுச் சாப்பிடுறா.