இலண்டனா, சிட்னியா, டோக்கியோவா? வளவு உறுதிப் பத்திரத்தை ஈடு வைக்கும் முன்

மட்டக்களப்புக் களுவாஞ்சிக்குடியில் நான் எடுக்கும் ஆங்கில வகுப்பு முடிந்த பிறகும் சில பிள்ளைகள் எழும்பிப் போகாமல் நிற்பார்கள். "டீச்சர், எந்த நாட்டு விசா லேசு?" என்று கேட்கத்தான். "எதுக்கு மகள் போறீங்க? படிக்கவா, உழைக்கவா, அங்கேயே இருக்கவா?" என்று நான் திருப்பிக் கேட்பேன். மூன்றுக்கும் நாடு வேறு. ஏஜென்சிக்காரர் அதைக் கேட்பதில்லை. தனக்குக் கமிஷன் வரும் நாட்டைக் காட்டுகிறார்.

இங்கிருந்து தள்ளும் காரணங்களை யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2022இல் இலங்கையில் பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டியது. அந்த ஆண்டில் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை தேடி வெளிநாடு போனார்கள். மட்டக்களப்பில் இந்தத் தள்ளல் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 2017இல் காந்தி பூங்காவில் வேலை கேட்டு உட்கார்ந்திருந்த பட்டதாரிகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். பட்டம் எடுத்தால் போதும் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

சரி, இலண்டனில், அதாவது பிரித்தானியாவில் இருந்து தொடங்குவோம். ஓராண்டில் முதுகலை முடியும் என்பதுதான் அதன் பெரிய இழுப்பு. செலவுக் கணக்கு அப்படிச் சுருக்கமாக இல்லை. இலண்டன் நகரத்துக்கு வெளியே படிப்பதானால் வாழ்க்கைச் செலவுக்கு மாதம் 1,171 பவுண் வீதம் 9 மாதத்துக்கு 10,539 பவுண் காட்ட வேண்டும். பவுணை 400 ரூபாய் என்று வைத்தாலும் 42 இலட்சம். கட்டி முடிக்காத படிப்புக் கட்டணம் இதற்கு மேலே. அந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் வங்கியில் கிடக்க வேண்டும். சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண். படிக்கும் காலத்தில் வாரம் 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். 2024 ஜனவரியிலிருந்து வகுப்பறை முதுகலை படிப்பவர் கணவனையோ மனைவியையோ பிள்ளைகளையோ கூட்டிப் போக முடியாது. படித்து முடித்து அங்கே தங்கும் விசாவுக்கு 2027 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு விண்ணப்பித்தால் 2 ஆண்டுக்குப் பதிலாக 18 மாதம்தான். பராமரிப்பு வேலைக்கு மாறிக்கொள்ளலாம் என்று ஆசை காட்டுபவர்களை நம்பி உடுப்பை அடுக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து அந்த வேலைக்கு ஆள் எடுப்பது 2025 ஜூலையில் நின்றுபோனது. உள்ளேயிருந்து மாறும் வாசலும் ஒடுங்கிக்கொண்டு வருகிறது.

அந்த 42 இலட்சம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் நெஞ்சில் நிற்கும் விஷயம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. பல வீடுகள் அம்மா குவைத்திலும் சவூதியிலும் பிறர் வீட்டில் வேலை செய்து கட்டியவை. மகனின் விசாவுக்காக அந்த வளவு உறுதி ஈட்டுக்குப் போகும்போது, கேட்காமல் எடுக்கப்படுவது தங்கையின் வீடு. என்னிடம் படித்த ஒரு பையனுக்கு ஏஜென்சி ஒன்று 28 நாளைக்கு வட்டிக்கு 'ஷோ மணி', அதாவது வங்கிக் கணக்கில் காட்டும் பணம், ஏற்பாடு செய்து கொடுத்தது. பணம் வந்த வழியைக் காட்ட முடியாமல் விசா மறுக்கப்பட்டது. விசாக் கட்டணமும் ஏஜென்சிக் கட்டணமும் போயின. வட்டி மட்டும் நின்றது. போலி ஆவணம் கொடுத்தது என்று முடிவானால் பிரித்தானியா 10 ஆண்டுக்குத் தடை போடும். அதையும் அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அவுஸ்திரேலியா குடும்பத்தோடு போக நினைப்பவருக்கு இலண்டனைவிடப் பொருந்தும். துணை கூட வரலாம். படிப்பவர் முதுகலை என்றால் துணைக்கு வேலை நேர வரம்பும் கிடையாது. படிப்பவருக்கு இரண்டு வாரத்துக்கு 48 மணித்தியாலம். ஓராண்டுச் செலவுக்கு 29,710 அவுஸ்திரேலிய டொலர் காட்ட வேண்டும், படிப்புக் கட்டணம் தனி. விசாக் கட்டணம் 2024 ஜூலையில் 710 டொலரிலிருந்து 1,600 ஆனது, அடுத்த ஆண்டு 2,000. கிட்டத்தட்ட 4 இலட்சம் ரூபாய், மறுத்தால் திரும்பி வராது. படிப்புக்குப் பிந்திய விசாவுக்குப் பெரும்பாலானோருக்கு வயதெல்லை இப்போது 35. தாதியம், ஆசிரியம், பொறியியல் போல அங்கே தேவையுள்ள துறையில் ஏற்கெனவே கால் வைத்தவர் இதை யோசிக்கலாம். வேறு எதற்கும் இடமில்லாமல் ஏதோ ஒரு டிப்ளோமாவைப் பிடித்துக்கொண்டு போகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

கனடா 2024இல் மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்துவிட்டது. ஸ்காபரோவில் மாமா இருக்கிறார் என்பது தங்க இடம் தரும், விசா தராது.

யப்பான் வேறு மாதிரி. மொழிப் பள்ளிக்கு மாணவராகப் போனால் ஆண்டுக்கு 7, 8 இலட்சம் யென் கட்டணம், வாரம் 28 மணித்தியால வேலை. அந்த வேலையிலேயே கட்டணம், வாடகை, சாப்பாடு எல்லாவற்றையும் சமாளித்து வீட்டுக்கும் அனுப்பலாம் என்று சொல்கிறார்கள். பிள்ளைகள் அதை நம்பி மணிக்கணக்கை மீறுகிறார்கள், அப்புறம் விசா புதுப்பிப்பில் மாட்டுகிறார்கள். உழைக்கத்தான் போகிறீர்கள் என்றால் இந்தச் சுற்றுவழியே தேவையில்லை. 'குறித்த திறன் தொழிலாளர்' (SSW) விசா 2019 முதல் இருக்கிறது. அந்த ஆண்டே இலங்கையும் யப்பானோடு ஒப்பந்தம் செய்தது. அடிப்படை மொழித் தேர்வும் தொழில் திறன் தேர்வும் சித்தியடைந்து வேலையும் கிடைத்தால் முதல் மாதத்திலிருந்தே முழுநேரச் சம்பளம். ஒன்றரை ஆண்டு மொழி படிக்கப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமைக்கு ஆகும் செலவு 42 இலட்சத்துக்குப் பக்கத்தில்கூட வராது. என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இதுதான் சரியான வழி என்று நினைக்கிறேன்.

படிப்புத்தான் ஆசை என்பவருக்கு நான் முதலில் காட்டுவது வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகமும். உயர்தரப் பரீட்சையில் அதற்கான இசட் புள்ளி வந்தால் கட்டணமில்லாத பட்டம். பிறகு 2 ஆண்டு வேலை அனுபவத்தோடு பிரித்தானியாவில் முதுகலை படிக்க அந்நாட்டு அரசு தரும் செவனிங் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கலாம். கட்டணம், விமானச் சீட்டு, மாதச் செலவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. முடித்ததும் 2 ஆண்டு ஊரில் இருக்க வேண்டும். போட்டி கடுமை. ஆனால் தோற்றாலும் யாருடைய வீடும் போகாது.

போன மாதம் பாண்டிருப்பிலிருந்து ஒரு பிள்ளை அம்மாவோடு வந்தாள். கையில் இலண்டன் கல்லூரிக் கடிதம், பையில் உறுதி. இரண்டு மணித்தியாலம் கணக்குப் போட்டோம். கடைசியில் அம்மா கேட்டது ஒன்றுதான்: "டீச்சர், யப்பான் பாசைக்கு வகுப்பு எங்க நடக்குது?" பிள்ளை ஒன்றும் பேசவில்லை. இலண்டன் அவளுடைய ஆசை. அடுத்த நாள் தனியாக வந்து செவனிங் படிவத்தில் என்னென்ன கேட்பார்கள் என்று விசாரித்துவிட்டுப் போனாள்.