மொழியும் தொடர்பாடலும்: ஒரு முதுகலைப் படிப்பு பற்றிய மதிப்புரை

கோலாலம்பூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் வேலைக்குப் போய்க்கொண்டே இந்தப் பன்மொழி முதுகலையை முடித்தேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும் ஊடகத்துறையினருக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

பாடங்களில் உரையாடல் பகுப்பாய்வே ஆகச் சிறந்தது. கோலாலம்பூரில் தமிழர் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ் பகுதியின் உணவகங்களில் அனுமதி பெற்றுப் பதிவு செய்த பேச்சை, இடைவெளியும் குறுக்கீடும் விடாமல் குறித்து எழுத்தாக்க வேண்டும். "அண்ணே, மீ கோரெங் ரெண்டு புங்குஸ், காரம் குறைச்சுப் போடுங்க" (மீ கோரெங் என்பது வறுத்த நூடுல்ஸ், புங்குஸ் என்றால் பொட்டலம்) என்ற வரியில் மலாய் எங்கே நுழைகிறது, வினைமுற்று ஏன் தமிழாகவே நிற்கிறது என்று மலாய், சீன மாணவர்களோடு ஒரு மாலை முழுவதும் விவாதித்தோம். வீட்டுப் பேச்சைக் கலப்படம் என்று ஒதுக்கிவந்த பலர், அதற்குள்ளும் ஓர் ஒழுங்கு இருப்பதை அன்று கண்டுகொண்டார்கள். மொழியியலாளர் சார்லஸ் பெர்குசன் 1959-இல் விளக்கிய இரட்டை வழக்கு, அதாவது ஒரே மொழி உயர்வழக்காகவும் அன்றாட வழக்காகவும் பிரிந்து வழங்குவது, நம் எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் எவ்வளவு பொருந்துகிறது என்பதும் அவ்வகுப்பில்தான் தெளிவானது.

புள்ளியியல் பாடம் சுமார்தான்.

பெருங்குறை ஆய்வு வழிகாட்டலில் இருக்கிறது. வழிகாட்டிக்குத் தமிழ் தெரியாததால், தரவின் ஒவ்வொரு வரியையும் ரோமன் எழுத்தில் பெயர்த்து, ஆங்கிலத்தில் விளக்க வேண்டியிருந்தது. சேரும் முன்பே, தமிழறிந்த இணை வழிகாட்டி கிடைப்பாரா என்று துறையிடம் எழுத்துபூர்வமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.