பூனைக்கு ஸ்கிராட்சிங் போஸ்ட்: எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்

சோபாவைப் பூனை பிறாண்டுவது குறும்புக்காக அல்ல. நகத்தின் பழைய மேலுறையை உரிக்க வேண்டும், உடம்பை நீட்டி முறிக்க வேண்டும், பாதத்துச் சுரப்பிகளின் வாசத்தை அங்கே பதிக்க வேண்டும். நகம் நீக்கும் அறுவை சிகிச்சையோ ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பையும் வெட்டி எடுப்பது. அந்தப் பேச்சே வேண்டாம். நல்ல ஸ்கிராட்சிங் போஸ்ட், அதாவது பூனை பிறாண்டுவதற்கென்றே செய்த தூண், ஒன்று போதும்.

பரவலாக விற்கும் 50 செ.மீ. போஸ்ட் குட்டிகளுக்குத்தான் சரி. வளர்ந்த பூனை பின்காலில் நின்று முழுதாக நீள 80 செ.மீ.க்குக் குறையக் கூடாது. அடிப்பலகை 40 செ.மீ. சதுரமாவது இருக்கட்டும், கனமாகவும் இருக்கட்டும். உச்சியைக் கையால் பலமாகத் தள்ளிப் பாருங்கள். ஆடினால் வாங்காதீர்கள்: ஒருமுறை சாய்ந்து பயமுறுத்திய போஸ்ட்டைப் பல பூனைகள் திரும்பிப் பார்ப்பதில்லை, சோபாதான் ஆடுவதில்லையே! அடியில் ஒரே போல்ட் உள்ள மாடல்கள் நாளடைவில் தளரும். வாஷர் போட்டு அவ்வப்போது முடுக்க வேண்டும்.

கார்பெட் சுற்றியதை ஒதுக்கிவிடலாம். அதன் வளையங்களில் நகம் மாட்டும். தரைக் கார்பெட்டுக்கும் அதற்கும் பூனை வித்தியாசம் பார்க்காது. சைசல் (கற்றாழை போன்ற செடியின் நார்) கயிறு நல்லது, சைசல் நெசவுத் துணி அதைவிட நல்லது, ஏனெனில் மேலிருந்து கீழாக இழுக்கும் நகத்துக்குக் கயிற்றின் சுற்றுகள் குறுக்கே நிற்கின்றன. கயிறு முடியும் இடத்தில் ஸ்டேப்பிள் துருத்துகிறதா என்று தடவிப் பாருங்கள்.

கயிறு பிய்ந்ததும் போஸ்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பிய்ந்து தொங்குவதும் தன் வாசம் ஏறியதும்தான் பூனைக்குப் பிடிக்கும். உள்ளே இருக்கும் அட்டைக் குழாய் தெரியும் அளவுக்குப் போனால் மறுபடி சுற்றலாம்: 9 செ.மீ. விட்டம், 80 செ.மீ. உயரம், 8 மி.மீ. கயிறு என்றால் சுமார் 31 மீட்டர் பிடிக்கும், 33 ஆக வாங்குங்கள். எண்ணெய் வாடை அடிக்கும் கயிறு வேண்டாம்.

சோபாவை விட்டுத் தரைவிரிப்பைக் குறிவைக்கும் பூனைக்குத் தூண் உதவாது. படுக்கை வாட்டில் வைக்கும் நெளி அட்டைப் பலகை கொடுங்கள். மலிவு, ஆனால் தூள் கொட்டும். லேசான பலகை வழுக்கும் என்பதால் அடியில் ரப்பர் ஒட்டுங்கள்.

எதை வாங்கினாலும் மூலையில் ஒளித்து வைத்தால் வீண். பிறாண்டிய இடத்தை ஒட்டியே நிறுத்தி, சோபாவின் அந்தப் பகுதியில் இரு பக்கமும் ஒட்டும் டேப்பை ஒட்டுங்கள். தோல் சோபா என்றால் மறைவான இடத்தில் முதலில் சோதியுங்கள், மேற்பூச்சு உரியலாம். போஸ்ட் பழகி சில வாரம் ஆனதும் டேப்பை எடுத்துவிட்டு, போஸ்ட்டை உங்களுக்கு வேண்டிய இடத்துக்கு நாளுக்குச் சில செ.மீ. நகர்த்தலாம். பாதத்தைப் பிடித்துப் போஸ்ட்டில் தேய்த்துக் காட்டினால் பூனை அதை வெறுக்கும். கேட்னிப் (பூனைகளை ஈர்க்கும் மூலிகை) தூவலாம், ஆனால் ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிகளும் சில பெரிய பூனைகளும் அதைக் கண்டுகொள்ளாது.

நகத்தின் மேல் பசை தடவி மாட்டும் பிளாஸ்டிக் நக உறைகள் 4 முதல் 6 வாரம் தாங்கும், பிறகு நகத்தின் மேலுறையோடு கழன்றுவிடும். பசை அதிகமானால் ரோமத்தில் ஒட்டும். வெளியே திரியும் பூனைக்கு மாட்டக் கூடாது. எலுமிச்சை ஸ்பிரேக்களின் வாடை சீக்கிரம் போய்விடும். அந்தக் காசுக்கு நகவெட்டி வாங்கி, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நகத்துக்குள் தெரியும் இளஞ்சிவப்புப் பகுதியைத் தொடாமல் நுனியை மட்டும் வெட்டுங்கள்.