ஆள்சேர்ப்பா, புகார் விசாரணையா?

முஸ்லிம்கள் அதிகம் வாழும் ஆம்பூர், மேல்விஷாரம் போன்ற ஊர்களில் போலீஸ் மீது நம்பிக்கை வர முதலில் எது வேண்டும்? 2015 ஜூனில் ஆம்பூர் கலவரத்தில் பற்றியெரியக் காரணம், போலீஸ் விசாரணைக்குப் போய்வந்த முஸ்லிம் இளைஞர் ஒருவரின் மரணம். மதத்தால் பிளவுண்ட வட அயர்லாந்து, போலீஸ் மீதான நம்பிக்கையை மீட்க இரண்டு வழிகளைக் கையாண்டது.

ஒன்று, ஆள்சேர்ப்பு. 2001 முதல் 2011 வரை புதிய காவலர்களில் பாதிப்பேர், அப்போது அங்கே சிறுபான்மையராக இருந்த கத்தோலிக்கர். காவல்துறையில் சுமார் 8 சதவீதமாக இருந்த அவர்கள் பங்கு 30ஐ நெருங்கியது. நல்ல பலன்தான், ஆனால் பத்தாண்டு பிடித்தது.

இன்னொன்று, 2000இல் வந்த, போலீஸ் சாராத குறைதீர்ப்பாளர் அலுவலகம். காவலர் மீதான புகாரை அதன் சொந்தப் புலனாய்வாளர்களே விசாரிக்கிறார்கள். ஆம்பூருக்கும் மேல்விஷாரத்துக்கும் முதலில் வேண்டியது இதுதான். கேமரா பதிவு, நிலையப் பதிவேடு, காயங்களின் படம் எல்லாம் முதல் சில மணி நேரத்திலேயே வெளியார் கைக்குப் போகவேண்டும்; தாமதித்தால் வதந்தி முந்திவிடும். ஆனால் தமிழகத்தின் 2013 காவல் சீர்திருத்தச் சட்டப்படி மாவட்டப் புகார் ஆணையத்துக்கு ஆட்சியர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். புகாருக்கு உள்ளான துறையே தீர்ப்பிலும் உட்காருகிறது.