சொந்த ஆன்டெனாவா, வாடகை ஆன்டெனாவா: சிறு செயற்கைக்கோளுக்கு எது பாதுகாப்பு?

ஒரு சிறு நிறுவனம் பூமியைப் படம் பிடிக்கும் குட்டிச் செயற்கைக்கோள் ஒன்றை அனுப்பப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 500 கிலோமீட்டர் உயரம், துருவங்களை ஒட்டிச் செல்லும் பாதை. ஏவுவதற்கு முன்பே ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும். செயற்கைக்கோளுடன் பேசச் சொந்தமாகத் தரைநிலையம் கட்டுவதா, நிமிடக் கணக்கில் வாடகைக்கு எடுப்பதா?

முன்பெல்லாம் இது வெறும் பணக் கேள்வி. இப்போது பாதுகாப்புக் கேள்வியாகவும் ஆகிவிட்டது. சொந்த நிலையம் வேண்டும் என்பவர்கள் முதலில் சொல்வது இதைத்தான்: "நம்ம ஆன்டெனா, நம்ம கட்டடம், நம்ம ஆள். வேறு யாரும் கை வைக்க முடியாது." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்கு இந்த வாதத்தில் பெரிய நம்பிக்கை இல்லை.

முதலில் நேரக் கணக்கைப் பார்ப்போம். அந்த உயரத்தில் ஒரு சுற்றுக்குச் சுமார் 95 நிமிடம். நாளுக்கு 15 சுற்று. சென்னையில் ஆன்டெனா வைத்தால் ஒரு நாளில் மூன்று நான்கு தடவைதான் செயற்கைக்கோள் தலைக்கு மேலே வரும். ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடத்துக்குச் சற்று முன்பின். அதுவும் சீராகப் பரவி வராது. காலையில் ஒன்றிரண்டு, மாலையில் ஒன்றிரண்டு. நடுவில் பத்து மணி நேரம் வரை பேச்சே கிடையாது. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், 78 டிகிரி வடக்கில், காங்ஸ்பெர்க் சாட்டிலைட் சர்வீசஸ் நடத்தும் வாடகை நிலையம் இருக்கிறது. துருவப் பாதையில் போகும் செயற்கைக்கோள் அநேகமாக ஒவ்வொரு சுற்றிலும் அதன் கண்ணில் படும். அமேசானும் 2019 முதல் பல கண்டங்களில் ஆன்டெனாக்களை வைத்து, மேகக் கணினிச் சேவையின் பகுதியாக வாடகைக்கு விடுகிறது.

இதை வசதி என்று மட்டும் பார்க்கக் கூடாது. செயற்கைக்கோளில் ஏதோ கோளாறு, யாரோ உள்ளே நுழைந்திருக்கலாம் என்று சந்தேகம். அப்போது அடுத்த பேச்சு ஒன்றரை மணி நேரத்திலா, பத்து மணி நேரம் கழித்தா என்பதே பாதி பாதுகாப்பு. இந்த ஒரு விஷயத்தில் வாடகை நிலையம் தெளிவாக முந்துகிறது.

சொந்த நிலையத்துக்கும் நியாயமான பலங்கள் உண்டு. அடுத்தவர் தொழிலை மூடினால் நம் தொழில் நிற்காது. மைக்ரோசாஃப்ட் தன் அஷூர் ஆர்பிட்டல் தரைநிலையச் சேவையை 2024 கடைசியில் நிறுத்திவிட்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்தின் சேவையே நிற்கும் என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்வால்பார்டிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. அந்தத் தீவுகளை நார்வே பெருநிலத்தோடு இணைப்பவை இரண்டே கடலடிக் கேபிள்கள். 2022 ஜனவரி 7 அன்று அதில் ஒன்று பழுதானது. மற்றொன்று தாங்கியதால் சேவை ஓடியது.

ஆன்டெனாவுக்கு வேலி, செயற்கைக்கோளுக்கு?

இப்போது "யாரும் கை வைக்க முடியாது" என்ற வாதத்துக்கு வருவோம். செயற்கைக்கோளின் ரிசீவர் ஒரு அலைவரிசையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அனுப்புவது உங்கள் ஆன்டெனாவா, அடுத்த நாட்டுக்காரன் ஆன்டெனாவா என்று அதற்குத் தெரியாது. அலைவரிசை பெரும்பாலும் பொதுப் பதிவுகளிலேயே கிடைக்கும். சுற்றுப்பாதை விவரத்தை அமெரிக்க விண்வெளிப் படை ஸ்பேஸ்-டிராக் தளத்தில் வெளியிடுகிறது. சுழலும் ஆன்டெனாவும் டிரான்ஸ்மிட்டரும் கையில் இருந்தால், வெளியாளும் கட்டளை அனுப்பலாம். வந்த கட்டளையை யார் அனுப்பினார் என்று செயற்கைக்கோள் சரிபார்க்கவில்லை என்றால், உங்கள் நிலையத்துக்கு எவ்வளவு உயரமாக வேலி போட்டும் பயனில்லை.

இது கற்பனை பயம் இல்லை. 2023-ல் ஜெர்மனியின் போஹும் நகரத்து ரூர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், மூன்று உண்மையான செயற்கைக்கோள்களின் மென்பொருளைப் பிரித்துப் பார்த்து, கடுமையான ஓட்டைகளைக் காட்டினார்கள். கட்டளையைச் சரிபார்க்கும் ஏற்பாடே இல்லாத வடிவமைப்பும் அதில் இருந்தது. "இதன் தகவல் தொடர்பு நெறிமுறை வெளியே யாருக்குத் தெரியப் போகிறது" என்ற நம்பிக்கையில்தான் பல குழுக்கள் காலம் தள்ளுகின்றன.

ஆகவே சொந்தமா வாடகையா என்பதற்கு முன்னால் இன்னொரு ஒப்பீடு நிற்கிறது. கட்டளைக்குச் சரிபார்ப்பு முத்திரை (ரகசியச் சாவியால் கணக்கிட்டு, கட்டளையோடு சேர்த்து அனுப்பும் குறி) மட்டும் போதுமா, முழுக் குறியாக்கம் (கட்டளையையே பிறர் படிக்க முடியாதபடி மறைப்பது) வேண்டுமா, இரண்டுமேவா? விண்வெளித் தகவல் தரங்களை வகுக்கும் சர்வதேசக் குழுவான சிசிஎஸ்டிஎஸ், இந்த மூன்றையும் அனுமதிக்கும் தரத்தை 2015-லேயே கொடுத்துவிட்டது. அதை நடைமுறைப்படுத்தும் கிரிப்டோலிப் என்ற திறமூல மென்பொருளை நாசா தருகிறது. (அதிலும் ஓட்டைகள் கண்டுபிடித்துத் திருத்தியிருக்கிறார்கள். எடுத்து ஒட்டிவிட்டு மறந்துவிடுகிற சமாச்சாரம் இல்லை.)

பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் நான் முத்திரையைத்தான் எடுப்பேன். கட்டளையில் ரகசியம் அதிகம் இல்லை. "கேமராவை இந்த நேரத்துக்குத் திற" என்பதை யாராவது ஒட்டுக்கேட்டால் சங்கடம்தான், ஆனால் அவரே அதை அனுப்ப முடிந்தால் ஆபத்து. ஐரோப்பாவின் கலிலியோ வழிகாட்டிச் செயற்கைக்கோள்களும் இதே தர்க்கத்தில்தான் போகின்றன. 2025 ஜூலையில் அதிகாரபூர்வமாகத் தொடங்கிய அவற்றின் பொதுச் சேவை முத்திரை, சிக்னலை மறைப்பதில்லை; உண்மையானதுதானா என்று மட்டும் சொல்கிறது. பொழுதுபோக்கு ரேடியோக்காரர்களுக்கென ஒதுக்கிய அமெச்சூர் அலைவரிசையில் பறக்கும் கல்லூரிச் செயற்கைக்கோள்களில், "எங்களுக்குக் குறியாக்கம் தடை" என்று ஒரு சாக்கு அடிக்கடி கேட்கும். செய்தியை மறைக்கத்தான் தடை. தரையிலிருந்து போகும் கட்டுப்பாட்டுக் கட்டளைகளுக்குச் சர்வதேச விதியே விலக்கு தந்திருக்கிறது. முத்திரைக்கோ அந்தப் பேச்சே எழாது.

"முத்திரை வைத்தால் நேரம் போகுமே" என்பது அடுத்த சாக்கு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இணைப்பு வேகம் நொடிக்கு 9,600 பிட். முத்திரை 16 பைட், அதாவது 128 பிட். ஒரு கட்டளைக்கு 13 மில்லிநொடி கூடுகிறது. செயற்கைக்கோள் ஒரு தடவை மேலே வரும் சந்திப்பில் 200 கட்டளை அனுப்பினாலும் மூன்று நொடி ஆகாது.

உண்மையான தலைவலி வேறு இடத்தில் இருக்கிறது. நேற்று நீங்கள் அனுப்பிய கட்டளையைப் பதிவு செய்து வைத்து, இன்று அப்படியே திருப்பி அனுப்பினால் முத்திரை சரியாகத்தானே இருக்கும்? அதைத் தடுக்க ஒவ்வொரு கட்டளைக்கும் ஏறிக்கொண்டே போகும் எண் ஒன்று வேண்டும். கதிர்வீச்சு பட்டுக் கணினி ரீசெட் ஆகி அந்த எண் மறந்துபோனால், தரையும் செயற்கைக்கோளும் ஒன்றையொன்று நம்பாது. நம் செயற்கைக்கோள் நம்மையே வெளியே நிறுத்திவிடும். பொறியாளர்களுக்கு ஹேக்கரைவிட இதுதான் பெரிய பயம். அந்தப் பயத்தில், ஆபத்து நேரத்தில் செயற்கைக்கோள் ஒடுங்கிக்கொள்ளும் 'சேஃப் மோட்' நிலையில் சரிபார்ப்பை அணைத்துவிட நினைப்பார்கள். அப்படிச் செய்தால், எதிராளி முதலில் செயற்கைக்கோளைச் சேஃப் மோடுக்குத் தள்ளப் பார்ப்பான், அப்புறம் திறந்த கதவு வழியாக வருவான். சரிபார்ப்பை அணைக்காமலே சமாளிக்க வழி உண்டு. எண்ணை மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் இரண்டு மூன்று பிரதியாக வையுங்கள். மீட்புக்கென்று நாலைந்து கட்டளைகளை மட்டும் ஒதுக்கி, அதற்குத் தனிச் சாவி கொடுங்கள்.

கீழே வரும் தரவு வேறு கதை. அங்கே குறியாக்கம்தான் முக்கியம், ஏனென்றால் படம்தான் உங்கள் சரக்கு. கலிபோர்னியா சான் டியேகோ, மேரிலாண்ட் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சியாளர்கள் 2025-ல் வெளியிட்ட ஆய்வு நல்ல எச்சரிக்கை. சுமார் 800 டாலர் உபகரணத்தைக் கூரையில் வைத்து பூமியின் ஒரே இடத்துக்கு மேலே நிற்பதுபோல் தெரியும் 39 புவிநிலைச் செயற்கைக்கோள்களைக் கேட்டார்கள். செல்போன் கோபுரங்களின் பேச்சும் குறுஞ்செய்தியும், விமான வைஃபை போக்குவரத்தும் பூட்டில்லாமல் கொட்டின. கேட்பதற்கு யார் அனுமதியும் தேவைப்படவில்லை. சிறு செயற்கைக்கோள்களின் நிலையும் இதுதான். சாட்நாக்ஸ் என்ற தன்னார்வ வலைப்பின்னல் உலகமெங்கும் ஆன்டெனா வைத்து, இறங்கும் சிக்னல்களைப் பதிவு செய்து பொதுவில் போடுகிறது. அருமையான முயற்சி, பல கல்லூரிக் குழுக்கள் தங்கள் செயற்கைக்கோள் உயிரோடு இருப்பதையே அதில்தான் தெரிந்துகொள்கின்றன. ஆனால் உங்கள் தரவும் அங்கே வரலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

சாவி யாரிடம்?

முத்திரை வந்துவிட்டால் முதல் கேள்வியின் கனம் பாதி இறங்கிவிடும். கட்டளை உங்கள் அலுவலகத்தில் உருவாகி, அங்கேயே முத்திரை குத்தப்பட்டு, செயற்கைக்கோளில்தான் சரிபார்க்கப்படுகிறது என்றால், நடுவில் இருக்கும் வாடகை ஆன்டெனா தபால்காரர் மாதிரி. கடிதத்தைத் தாமதப்படுத்தலாம், தொலைக்கலாம். உங்கள் கையெழுத்தைப் போட முடியாது. அமேசான் போன்ற சேவைகளில், டிஜிட்டலாக்கப்பட்ட சிக்னலை அப்படியே வாங்கி உங்கள் மென்பொருள் மோடத்திலேயே பிரித்துக்கொள்ளும் வழியும் உண்டு. வசதிக்காகச் சாவியை நிலையக்காரரிடம் கொடுத்துவிட்டால் இந்தப் பலன் எல்லாம் போச்சு.

அடுத்தவர் நிலையம் வழியாக ஆபத்து வந்ததாகப் பேசப்படும் பழைய சம்பவம் ஒன்று உண்டு. 2007, 2008 ஆண்டுகளில் பூமியைக் கண்காணிக்கும் அமெரிக்காவின் லேண்ட்சாட்-7, டெரா செயற்கைக்கோள்களில் குறுக்கீடு நடந்தது என்று 2011-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் சீன ஆய்வுக் குழு சொன்னது. டெராவில் நுழைந்தவர்கள் கட்டளை கொடுக்கத் தேவையான எல்லாப் படிகளையும் தாண்டினார்கள், ஆனால் கட்டளை கொடுக்கவில்லை என்பது அறிக்கையின் கூற்று. ஸ்வால்பார்ட் நிலையத்தின் இணைய இணைப்பை அறிக்கை சுட்டியது. நிலையம் நடத்துபவர்கள் ஊடுருவலுக்கான அறிகுறி எதுவும் இல்லை என்று மறுத்தார்கள். யார் சொன்னது சரியோ, கட்டளை கொடுக்கும் தகுதி நடுவழி நிலையத்தில் இருக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சாவி நம்மிடம் இருந்தாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது என்பதற்குக் கா-சாட் சம்பவம் சாட்சி. 2022 பிப்ரவரி 24, உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த அதே காலை. வியாசாட் நிறுவனத்தின் கா-சாட் இணையச் சேவையில் உக்ரைனிலும் ஐரோப்பாவின் பிற பகுதிகளிலும் பல்லாயிரம் மோடம்கள் செத்தன. செயற்கைக்கோளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது அமைதியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தாக்கியவர்கள் தரை வலைப்பின்னலில், வெளியிலிருந்து உள்ளே இணைய உதவும், தவறாக அமைக்கப்பட்ட ஒரு விபிஎன் கருவி வழியாக நுழைந்து, நிர்வாகப் பகுதிக்குப் போனார்கள். அங்கிருந்து மோடம்களுக்கு முறையான நிர்வாகக் கட்டளைகளையே அனுப்பி, அவற்றின் நினைவகத்தை மேலெழுதச் செய்தார்கள். ஜெர்மனியில் எனர்கான் நிறுவனத்தின் 5,800 காற்றாலைகளைத் தூரத்திலிருந்து கண்காணிக்க முடியாமல் போனது. வியாசாட் சுமார் 30,000 மாற்று மோடம்களை அனுப்ப வேண்டி வந்தது. இதில் இன்னொரு சிக்கல், சேவை வியாசாட்டுடையது. தரை வலைப்பின்னலை அப்போது நடத்தியது இத்தாலியின் ஸ்கைலாஜிக், அதாவது முந்தைய உரிமையாளர் யூட்டல்சாட்டின் கிளை நிறுவனம். விற்றவருக்கும் வாங்கியவருக்கும் நடுவில் கைமாறிக்கொண்டிருந்த வலைப்பின்னல் அது.

கட்டளைகள் முறையான இடத்திலிருந்து வந்ததால், கட்டளை எங்கிருந்து வருகிறது என்று மட்டும் பார்க்கும் சரிபார்ப்பு இங்கே உதவாது. ஆகவே முத்திரை குத்தும் கணினி அலுவலக மின்னஞ்சல் ஓடும் வலைப்பின்னலில் இருக்கக் கூடாது. சாவியை வெளியே எடுக்க முடியாத வன்பொருள் பெட்டியில் வைக்க வேண்டும். மென்பொருளை மாற்றுவது, எரிபொருளைத் திறப்பது போன்ற கட்டளைகளுக்கு இரண்டு பேர் ஒப்புதல் கேட்க வேண்டும். இதற்கெல்லாம் ஆளும் பணமும் வேண்டும். சொந்த டிஷ் கட்டும் காசை இதில் போடுங்கள் என்பேன்.

ஆகவே என் கணக்கில் வாடகைதான் வெல்கிறது, ஆனால் இரண்டு நிறுவனங்களிடம் எடுத்தால். ஒப்பந்தத்தில் சில விஷயங்களைக் கறாராகக் கேளுங்கள்: முன்பதிவு செய்த சந்திப்பை யார் ரத்து செய்ய முடியும், அவர்கள் பக்கம் ஊடுருவல் நடந்தால் எத்தனை மணி நேரத்தில் உங்களுக்குச் சொல்வார்கள், பதிவுக் கோப்புகளை எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள். இந்திய நிறுவனம் என்றால் இவை வெறும் கேள்விகள் இல்லை. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி இணையச் சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டு நிலையம் மூன்று நாள் கழித்துச் சொன்னால் நீங்கள் எதைத் தெரிவிப்பீர்கள்? ஐரோப்பாவில் வாடிக்கையாளர் வைத்திருந்தால், அங்கேயும் என்ஐஎஸ்-2 என்ற இணையப் பாதுகாப்புச் சட்டம் விண்வெளித் துறையில் குறிவைப்பது தரைக் கட்டமைப்பை நடத்துபவர்களைத்தான்.

ராணுவத்துக்குத் தரவு விற்பவர்களுக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது; தரவு எந்த நாட்டு மண்ணில் இறங்கலாம் என்பதை வாடிக்கையாளரே முடிவு செய்வார், அதனால் விற்பவர்கள் சொந்த நிலையம் கட்டித்தான் ஆக வேண்டும். மற்றவர்கள் அலுவலக மொட்டைமாடியில் ஒரு சின்ன யுஎச்எஃப் (ஒரு ரேடியோ அலைவரிசை) ஆன்டெனா வைத்துக்கொள்வதை நான் தடுக்க மாட்டேன். படம் இறக்க அதற்கு வேகம் போதாது. இரண்டு வாடகை இணைப்பும் ஒரே நாளில் போனால் மீட்புக் கட்டளை அனுப்பப் போதும். ஆனால் அந்த ஆன்டெனாவைச் சுழற்றும் கணினியை வீட்டிலிருந்தே இயக்கலாம் என்று யாராவது ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்து வைத்திருக்கிறார்களா என்று மாதம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.